ஆபரேஷனுக்குப் பிறகும் இனிப்பு கேட்கிறதா? முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்

எனக்கு கேஸ்ட்ரிக் பைபாஸ் (வயிற்றைச் சின்னதாக்கி, குறுக்குவழியில் குடலோடு இணைக்கிற எடைக்குறைப்பு ஆபரேஷன்) ஆகி நாலு வருடம். 112 கிலோவிலிருந்து 74-க்கு வந்தேன். அப்புறம் என் தம்பிக்கு ஸ்லீவ் (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிடுவது), அவனைப் பார்த்துவிட்டு எங்கள் சேலத்திலேயே குகைப் பகுதியில் இருக்கும் சித்தி மகளுக்கு பைபாஸ், அவள் சொல்லி இன்னும் இரண்டு பேர் என்று ஒரு சின்னக் கூட்டமே சேர்ந்துவிட்டது. எல்லோரும் முதல் ஆறேழு மாதம் "பசியே இல்லக்கா, நிம்மதியா இருக்கு" என்பார்கள். ஒரு வருடம் தாண்டியதும் ராத்திரி பத்து மணிக்கு போன் வரும். "அக்கா, இனிப்பு இல்லாம இருக்க முடியல, எனக்கு மனக்கட்டுப்பாடு பத்தல."

மனக்கட்டுப்பாட்டை விடுங்கள். ஆசை எத்தனை மணிக்கு வருகிறது, கடைசியாக என்ன சாப்பிட்டீர்கள், சாப்பிட்டு எவ்வளவு நேரம் ஆகிறது என்று கேட்டால் அதிலேயே பாதி விஷயம் வெளியே வந்துவிடும். அதற்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். கூடவே விரலைக் குத்தி ரத்தச் சர்க்கரை பார்க்கும் குளுக்கோமீட்டர் ஒன்று, அப்புறம் ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி. தனக்கு நடந்தது ஸ்லீவா, பைபாஸா, பைபாஸிலேயே இன்னொரு வகையான மினி பைபாஸா என்றே தெரியாமல் பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது தெரியாமல் எந்த டாக்டரும் ஒன்றும் சொல்ல முடியாது.

உங்கள் தொந்தரவு எதுவோ நேராக அங்கே போங்கள். செலவில்லாத காரணம் முதலில் இருக்கும், பர்ஸைத் திறக்க வைப்பது கடைசியில்.

இவை இருந்தால் மேலே படிக்க வேண்டாம், கிளம்புங்கள்

பேச்சு குழறுகிறது, ஆள் மயங்குகிறார், வலிப்பு வருகிறது: 108. மயங்கியவர் வாயில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும்.

நாள்கணக்கில் வாந்தி, அதோடு கண் இரண்டிரண்டாகத் தெரிகிறது, நடந்தால் தள்ளாடுகிறது: அன்றைக்கே ஆஸ்பத்திரி. இது பி1 வைட்டமின் வற்றிப்போனதாக இருக்கலாம். அவசரப் பிரிவில் இருப்பவருக்கு நீங்கள் எடைக்குறைப்பு ஆபரேஷன் ஆனவர் என்று தெரியாது. குளுக்கோஸ் டிரிப்ஸ் ஏற்றும் முன்பே அதைச் சொல்லி, பி1 ஊசியைப் பற்றிக் கேளுங்கள். வெறும் குளுக்கோஸ் மட்டும் ஏறினால் நிலைமை மோசமாகலாம்.

மலம் தார் மாதிரி கறுப்பாகப் போகிறது, தாங்க முடியாத வயிற்று வலி: அதுவும் அன்றைக்கே. இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும், ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியது நீங்கள் அல்ல.

இனிப்பு சாப்பிட்ட 10 முதல் 30 நிமிடத்துக்குள் படபடப்பு, வயிறு பிசைதல், வியர்வை, பேதி

என் தம்பி ஒருமுறை குடும்பத்தோடு ஏற்காடு போனான். அடிவாரத்தில் வண்டியை நிறுத்தி அல்வா. பன்னிரண்டாவது வளைவில் முகம் வெளுத்து, சட்டை நனைந்து, வண்டியை ஓரம் கட்டச் சொல்லிவிட்டான். இருபது கொண்டை ஊசி வளைவு இருக்கிற மலையில் யாருக்குத்தான் சந்தேகம் வரும்? வளைவு ஒத்துக்கவில்லை என்று எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்தோம். இறங்கும்போது அதே இருபது வளைவில் ஒன்றும் ஆகவில்லை. அப்போதுதான் அல்வா நினைவுக்கு வந்தது. சாப்பிட்டது வேகமாகக் குடலில் போய்க் கொட்டுவதால் வருகிற இதை டாக்டர்கள் டம்பிங் என்பார்கள். பைபாஸில் அதிகம், ஸ்லீவிலும் வரும்.

முதலில் வெளிப்படையான சர்க்கரையைப் பாருங்கள்: அல்வா, ஜிலேபி, சர்பத், ஜூஸ், பாயசம். வெல்லம், நாட்டுச்சர்க்கரை, தேன், பனங்கற்கண்டு எல்லாம் இந்தப் பட்டியல்தான். "நாட்டுச்சர்க்கரைதானே" என்று சலுகை கேட்டால் குடல் கொடுக்காது.

அடுத்து, சாப்பிடும்போது தண்ணீர் குடித்தீர்களா? சாப்பாட்டோடு வேண்டாம், முடித்து அரை மணி நேரம் கழித்துக் குடியுங்கள். இதை மட்டும் மாற்றியே சித்தி மகளுக்கு முக்கால்வாசி தொந்தரவு போய்விட்டது.

அதற்கும் அடங்காவிட்டால் மறைந்திருக்கிற சர்க்கரை. பாலில் கலக்கும் சத்துமாவுப் பொடி, இருமல் சிரப், சத்து டானிக், பாக்கெட் லஸ்ஸி. லேபிளைத் திருப்பிப் பாருங்கள். நம்ம ஊர்க்காரர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும்: ஜவ்வரிசி. சேலத்துக்கே பேர் வாங்கிக் கொடுத்த பொருள், புவிசார் குறியீடு வரைக்கும் வந்தாச்சு, அதில் எனக்கும் பெருமைதான். ஆனால் 100 கிராம் ஜவ்வரிசியில் 85 கிராமுக்கு மேல் மாவுச்சத்து, புரதம் இல்லையென்றே சொல்லலாம். உப்பு ஜவ்வரிசிக் கஞ்சி, உப்புமா என்று இனிப்பே சேர்க்காமல் சாப்பிட்டாலும் சர்க்கரை கரைத்துக் குடித்த மாதிரியே உடம்பு ஆடும். மசித்த குச்சிக்கிழங்கும் (மரவள்ளி) அப்படித்தான்.

"சுகர் ஃப்ரீ" ஸ்வீட் வாங்குகிறவர்களுக்கு: சர்க்கரைக்குப் பதில் மால்டிடால், சார்பிடால் இருந்தால் வயிறு உப்பி, பேதியாகும். மைதாவும் கோவாவும் அதில் அப்படியேதான் இருக்கின்றன.

இதெல்லாம் சரி செய்து இரண்டு வாரம் ஆகியும் நிற்கவில்லை என்றால் நோட்டோடு டயட்டீஷியனிடம் போங்கள். நோட்டு இல்லாமல் போனால் "கம்மியா சாப்பிடுங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள், அவர்களையும் குறை சொல்ல முடியாது.

சாப்பிட்டு ஒரு மணி முதல் மூன்று மணி நேரத்தில் கை நடுக்கம், திடீர்ப் பசி, இனிப்பைத் தவிர எதுவும் வேண்டாம் என்கிற வெறி

இதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன், நானே பட்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் வெள்ளிக் கொலுசு வேலை. ஒரு நாள் காலை பத்து மணிக்கு சலங்கை கோத்துக்கொண்டிருந்தேன், இடுக்கி கையில் நிற்கவில்லை. வளையம் ஒரு பக்கம், முத்து ஒரு பக்கம். உதடு மரத்த மாதிரி. எழுந்து போய்க் கடலை மிட்டாய் இரண்டு தின்றேன், ஐந்து நிமிடத்தில் சரியானது. பன்னிரண்டு மணிக்கு மறுபடி. இப்படி மூன்று வாரம். நாலு கிலோ ஏறியது. பக்கத்தில் ஒரு டாக்டரிடம் போனால், மிட்டாய் தின்ற பிறகு பார்த்த ரீடிங் 148-ஐப் பார்த்துவிட்டு "எல்லாம் நார்மல், டென்ஷன் வேண்டாம்" என்றார்.

தப்பு என்னுடையதும்தான். நடுக்கம் இருக்கும்போதே விரலைக் குத்த வேண்டும், வாயில் எதையும் போடும் முன். அடுத்த நாள் அப்படிக் குத்தினேன். 52.

மீட்டர் 70-க்குக் கீழே காட்டினால் ஆசை என்று நீங்கள் நினைப்பது சர்க்கரைத் தாழ்வு. அப்போது இனிப்பு சாப்பிடத்தான் வேண்டும், மருந்து மாதிரி அளந்து: மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து, அல்லது அரை டம்ளர் ஜூஸ். 15 நிமிடம் கழித்து மறுபடி குத்துங்கள். ஏறிவிட்டால் அங்கேயே நிறுத்தி ஒரு முட்டையோ ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ சாப்பிடுங்கள். நான் செய்த தப்பு, நடுக்கம் நின்ற நிம்மதியில் இன்னும் இரண்டு மிட்டாய். அந்த இரண்டு மிட்டாய்தான் பன்னிரண்டு மணி நடுக்கத்துக்குக் காரணம். சர்க்கரை சட்டென்று ஏறும், இன்சுலின் அதற்கு மேல் சுரக்கும், மறுபடி இறங்கும்.

இனி ஏன் இறங்குகிறது என்று பாருங்கள்.

முந்தைய சாப்பாடு என்ன? எனக்கு எட்டு மணி ராகிக் கூழ். ஆரோக்கியம் என்று ஊரே சொல்கிற கூழ். ராகி மேல் குற்றமில்லை, அது கரைத்துக் குடிக்கிற மாவு, குறுக்குவழியில் நேராகக் குடலுக்குப் போய்விடுகிறது. ஆடியில் கோட்டை மாரியம்மன் கூழை நான் இப்போதும் வாங்கிக் குடிக்கிறேன், நாலு வாய். காலை உணவாக இல்லை. காலையில் இரண்டு முட்டை, ஒரு இட்லி, அதுவும் முட்டை முதலில். புரதம், காய், கடைசியில் மாவு என்ற வரிசையில் இருபது நிமிடம் நிதானமாகச் சாப்பிட்டாலே பாதிப் பேருக்கு அடங்கிவிடும். ஒரு வேளைக்கு மாவுச்சத்து 30 கிராம் அளவில் நின்றால் நல்லது.

இடைவெளி எவ்வளவு? மூன்று, நாலு மணி நேரத்துக்கு மேல் வயிற்றைக் காயப்போடாதீர்கள்.

பழைய சர்க்கரை நோய் மாத்திரை ஓடுகிறதா? இதைக் கேட்க மறந்துவிடாதீர்கள். எங்கள் கூட்டத்தில் ஒருவர் ஆபரேஷனுக்கு முன் எழுதிய கிளிமிபிரைடை, பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்கி வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். எடை 30 கிலோ குறைந்திருக்கிறது, சாப்பாடு கால் பங்கு, மாத்திரை மட்டும் பழைய அளவு. அந்த வகை மாத்திரையோ இன்சுலினோ போடுகிறவர்களுக்குச் சர்க்கரை தாழ்ந்தால் அன்றைக்கே டாக்டருக்குப் போன், மறுநாள் வேளை வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

இதையெல்லாம் தாண்டியும் 70-க்குக் கீழே அடிக்கடி போகிறது, அல்லது ஒரே ஒருமுறை 54-க்குக் கீழே போனது என்றால் எண்டோகிரைனாலஜிஸ்டை (ஹார்மோன் டாக்டர்) பார்க்க வேண்டும். பைபாஸ் ஆனவர்களுக்கு இது பெரும்பாலும் ஒரு வருடம் கழித்துத்தான் தலை காட்டும், அதனால் "ஆபரேஷன் ஆகி ரொம்ப நாளாச்சே" என்று யாராவது சொன்னால் விட்டுவிடாதீர்கள். அகார்போஸ் மாதிரி மாத்திரைகள் இருக்கின்றன, அவர்கள் பார்த்துக் கொடுப்பார்கள். குளுக்கோஸ் குடிக்கவைத்துப் பார்க்கும் டெஸ்ட்டை யாராவது எழுதினால், பைபாஸ் ஆனதைச் சொல்லுங்கள். அந்த டெஸ்ட்டே டம்பிங்கைக் கிளப்பிவிடும். கர்ப்பிணிகள் இதை முக்கியமாகக் கவனியுங்கள், வீட்டிலேயே மீட்டரில் பார்க்கும் வழி இருக்கிறது.

நடுக்கம் சரியாகும்வரை ஸ்கூட்டி ஓட்டாதீர்கள். ஐந்து ரோடு சிக்னலில் நின்றபடி கை நடுங்கியது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

மீட்டர் 90, 100 காட்டுகிறது, ஆனாலும் நடுக்கம் என்றால் முதலில் தண்ணீர், அப்புறம் காபிக் கணக்கு. பிறகு அடுத்த தலைப்பு.

தினமும் சாயங்காலம் நாலு மணி ஆனால் போதும்

நடுக்கம் கிடையாது. நாலு மணி ஆனதும் கை தானாக பிஸ்கட் டப்பாவுக்குப் போகும். இதற்கு முக்கால்வாசி காரணம் காலையிலேயே நடந்து முடிந்திருக்கும்.

டீயை எண்ணுங்கள். பட்டறையில் காலை ஏழுக்கு ஒன்று, பதினொன்றுக்கு ஒன்று, மூன்றரைக்கு ஒன்று, கணக்கு கொடுக்க வந்தவரோடு ஒன்று. கண்ணாடி கிளாஸின் அடியில் கலங்காமல் நிற்கும் சர்க்கரையை விரலால் வழித்துச் சாப்பிடும் ஆள் நான். ஒரு டீஸ்பூன் 4 கிராம், டீக்கு இரண்டு வைத்தாலும் நாலு டீயில் 32 கிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது, அதுவும் முழு வயிறு இருப்பவருக்கு. நான் ஒரே நாளில் நிறுத்தவில்லை. வாரத்துக்கு அரை ஸ்பூனாகக் குறைத்தேன், ஐந்தாவது வாரம் பழைய டீயைக் குடித்தால் திகட்டியது.

அடுத்து புரதத்தை எண்ணுங்கள். உங்களுக்கு எழுதிக் கொடுத்த அளவு பெரும்பாலும் நாளைக்கு 60 முதல் 80 கிராம் இருக்கும். இரண்டு முட்டை 12, ஒரு டம்ளர் பால் 6 அல்லது 7, 100 கிராம் பன்னீர் 18 பக்கம். அரை கப் வேகவைத்த கொண்டைக்கடலை 7. ரசம் சாதமும் அப்பளமும் சாப்பிட்டால் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. மதியத்துக்குள் 30 கிராம் சேராத நாளில் எனக்கு நாலு மணி ஆசை வராமல் இருந்ததே இல்லை.

தண்ணீரும் பாருங்கள், நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர், வாய் வாயாக. நாலு மணி டீயை மூன்றரைக்கு ஒரு கைப்பிடி சுண்டலாக மாற்றி ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். இதற்கு டாக்டர் வேண்டாம்.

கோழி இறங்கவில்லை, ஐஸ்கிரீம் மட்டும் இறங்குகிறது

இது கொஞ்சம் தந்திரமான தொந்தரவு. கோழி இரண்டு வாயில் நெஞ்சை அடைக்கும், தயிர் சாதம் நாலு வாய். ஆனால் ஐஸ்கிரீம், கேக், பால்கோவா, மொறுமொறு தட்டுவடை செட் எல்லாம் வாயிலேயே கரைந்து வழுக்கிக்கொண்டு போய்விடும், வயிறு நிறையாது. உடம்பு எது சுலபமோ அதைக் கேட்கக் கற்றுக்கொள்கிறது.

முதலில் மென்று பாருங்கள். வாய்க்கு இருபது தடவை, கைவிரல் நுனி அளவுத் துண்டு. கோழி உலர்ந்திருந்தால் குழம்பில் நனைத்து. பல் சரியில்லாதவர் பல்லைச் சரி செய்யுங்கள். இது சிரிப்புக்குச் சொன்னது இல்லை, எங்களில் ஒருவருக்குக் கடைவாய்ப் பல் இரண்டு கட்டியதும் கோழி இறங்கியது.

அப்புறமும் கெட்டியானது எதுவும் இறங்கவில்லை, சாப்பிட்டதெல்லாம் அப்படியே மேலே வருகிறது, நாளுக்கு நாள் மோசமாகிறது என்றால் இணைத்த இடம் சுருங்கியிருக்கலாம், அல்லது அங்கே புண் இருக்கலாம். சர்ஜனிடம் போங்கள், எண்டோஸ்கோப்பி பார்ப்பார்கள், சுருக்கம் இருந்தால் அதிலேயே விரிக்கவும் முடியும். மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபென் என்று மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடுகிற பைபாஸ்காரர்கள், புகை பிடிக்கிறவர்கள், புண்ணை நீங்களே கூப்பிட்டுக்கொள்கிறீர்கள்.

இனிப்போடு ஐஸ் கட்டி, பச்சரிசி, சிலேட்டுக் குச்சி, விபூதி

இது ருசி இல்லை, இரும்புச்சத்துக் குறைவு. எனக்கு இரண்டாவது வருடம் ஃபிரிட்ஜ் ட்ரேயில் ஐஸ் தங்காது. பிள்ளைகள் சத்தத்தைக் கேட்டே "அம்மா ஆரம்பிச்சிட்டாங்க" என்பார்கள். மாத்திரை போடாமல் இல்லை, இரும்பையும் கால்சியத்தையும் ஒன்றாக, டீயோடு விழுங்கிக்கொண்டிருந்தேன். இரண்டுக்கும் நடுவில் குறைந்தது இரண்டு மணி நேரம் வேண்டும், இரும்பை டீ காபியோடு போடக் கூடாது. மாத்திரை நேரத்தைச் சரி செய்துவிட்டு ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும் (உடம்பில் இரும்புச் சேமிப்பைக் காட்டும் டெஸ்ட்) பாருங்கள், கூடவே பி12, டி வைட்டமின்கள். ஹீமோகுளோபின் மட்டும் பார்த்தால் சேமிப்பு வற்றியது தெரியாது. எனக்கு மாத்திரையில் ஏறவில்லை, டிரிப்ஸில் இரும்பு ஏற்றினார்கள். ஐஸ் ஆசை கொஞ்ச நாளிலேயே போய்விட்டது.

மீட்டர் சரி, வயிறு நிறைவு, இருந்தும் ராத்திரி பதினொரு மணிக்கு டப்பா திறக்கிறது

பல் துலக்கிவிட்டுப் பத்து நிமிடம் பொறுங்கள். உண்மைப் பசி என்றால் முட்டை கொடுத்தாலும் சாப்பிடுவீர்கள். முட்டை வேண்டாம், மைசூர்பாக்தான் வேண்டும் என்றால் வயிறு கேட்கவில்லை.

தூக்கத்தைப் பாருங்கள். ஐந்து மணி நேரம் தூங்கியவருக்கு அடுத்த நாள் இனிப்பு கேட்கும், அது ஆபரேஷன் ஆகாதவருக்கும் உண்டு. வீட்டில் வாங்கி வைப்பதை நிறுத்துங்கள். பிள்ளைகளுக்கு என்று வாங்கிய பாக்கெட்டை யார் தின்கிறார்கள் என்று நமக்குத் தெரியும்.

ஒளித்துத் தின்பது, தின்றபின் அழுவது, இனிப்பு இருந்த இடத்தில் குடிப்பழக்கம் வந்து உட்காருவது, இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் மனநல ஆலோசகரைப் பாருங்கள், வெட்கம் வேண்டாம். பைபாஸ் ஆனவருக்கு ஒரு பெக் முன்பைவிட வேகமாக ரத்தத்தில் ஏறும். கல்யாண வீட்டில் "ஒண்ணே ஒண்ணு மாப்ள" என்கிறவர்களுக்கு அது தெரியாது.

மாம்பழ சீசனில் மட்டும்

ஏப்ரல் வந்தால் இதற்குத் தனித் தலைப்பே தேவைப்படுகிறது. மல்கோவா வாசனை தெருவுக்கு வந்த பிறகு "வேண்டாம்" என்று எழுதினால் யாரும் கேட்கப் போவதில்லை, நானும் கேட்பதில்லை. 100 கிராம் பழத்தில் சுமார் 14 கிராம் சர்க்கரை. ஜூஸாக வேண்டாம், வெறும் வயிற்றில் வேண்டாம், மதியம் முட்டையோ மீனோ முடித்த பிறகு இரண்டு துண்டு, மென்று. முதல் தடவை சாப்பிடும் நாளில் ஒன்றரை மணி நேரம் கழித்து ஒருமுறை விரலைக் குத்தி நோட்டில் எழுதுங்கள். எனக்கு இரண்டு துண்டு வரை தாங்கும், மூன்றாவதில் நடுங்கும். என் தம்பிக்கு நாலு வரை தாங்குகிறது, கொட்டையும் அவனுக்குத்தான் போகிறது.